கூத்தர் போன வழி

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலை சுற்ற வருகிறார்கள், தீபம் பார்க்க வருகிறார்கள், ரமணர் ஆசிரமத்துக்கு வருகிறார்கள். பௌர்ணமி ராத்திரியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வழியெல்லாம் சோறு கொடுக்கிறார்கள், மோர் கொடுக்கிறார்கள். நடந்து வருகிறவனுக்கு வழியில் சோறு கொடுப்பது இந்தச் சீமையில் நேற்று வந்த பழக்கமல்ல. அதற்கு ஒரு பழைய பாட்டே இருக்கிறது. அதில் சோறு மட்டுமில்லை, கறியும் இருக்கிறது, கள்ளும் இருக்கிறது. அந்தப் பாட்டுக்காக இந்த ஊருக்கு யாரும் வந்ததாக எனக்குத் தெரியாது.

மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி. கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவில் இருந்த நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் ரோட்டில் போனால் ஒரு மணி நேரத்தில் வருகிற செங்கம்தான். பாட்டில் வருகிற சேயாறு நம் செய்யாறு. நவிரமலை என்பது பர்வதமலை என்கிறார்கள். ஆக, முழுக்க முழுக்க எங்கள் ஜில்லாப் பாட்டு.

நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற ஒரு கூத்தன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். இந்தப் பக்கம் போ, இங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கிறது பார்த்துப் போ, தினைக்கொல்லைக் காவல்காரன் யானையை விரட்டக் கவண்கல் விடுவான் மரத்துக்குப் பின்னால் மறைந்து போ, பாறை வழுக்கும், ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொள். இன்ன இடத்தில் இன்ன சோறு, இன்ன இடத்தில் இன்ன கள். இன்றைக்குப் பத்திரிகைகளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பிரான்சு தேசத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி எழுதுகிறார்களே, எந்தக் குன்றிலிருந்து பார்த்தால் என்ன தெரியும், எங்கே சாப்பிடலாம், எந்தப் பண்ணையில் எந்த மதுவை ருசி பார்க்கலாம் என்று, அதேதான் இது. ஒரே வித்தியாசம். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவன் காசுள்ளவன். நம் பாட்டில் நடக்கிறவன் மோளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பசியோடு நடக்கிறவன்.

நான் பி.ஏ. தமிழ் படித்தபோது இந்தப் பாட்டு பாடத்தில் இருந்தது. நடத்திய ஆசிரியர் நன்னனின் கொடையை நடத்தினார், உவமையை நடத்தினார். கள் வருகிற இடம் வந்ததும் "தேறல்னா தேன் மாதிரி ஒரு பானம்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். வகுப்பில் எங்கள் காலனிப் பையன்கள் மூன்று பேர் இருந்தோம். தேறல் என்றால் என்ன என்று எங்களுக்கா தெரியாது?

பிறகு பல வருஷம் கழித்து உரையோடு உட்கார்ந்து மெதுவாகப் படித்தேன். 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தார். அந்த உரை இல்லாவிட்டால் பாதிச் சொல் புரியாது. படித்தபோது நான் மேலே போகாமல் நின்றுபோனது கள்ளில் இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்னால். மலைச்சரிவில் ஒரு சிறுகுடி. நன்னனுடைய கூத்தர் நாங்கள் என்று சொன்னால் போதுமாம். வாசலில் நிற்கவேண்டாம், சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழையலாம், கேட்காமலே உறவுக்காரன் மாதிரி பழகலாம். தூரம் நடந்து வந்த அலுப்பு தீர நல்ல வார்த்தை பேசுவார்கள், நெய்யில் வெந்த கறித்துண்டோடு தினைச்சோறு போடுவார்கள். அந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். மோளக்காரன் வாசலில் நிற்கவேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறது. அதுவும் எங்கள் தாலுகாவில்.

அடுத்ததுதான் கள். மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறல். குறையில்லாமல் குடிக்கலாம், அதற்கு மேல் நறவும் உண்டு. ராத்திரி இப்படிக் குடித்தால் விடியற்காலையில் தலை கனக்குமே, அதற்கும் வைத்தியம் சொல்லியிருக்கிறான். அருவி அடித்துக்கொண்டு வந்த பலாப்பழத்தின் கொட்டை, கடமான் கறி, முள்ளம்பன்றிக் கறி, நாய் துரத்திப் பிடித்த உடும்பு, எல்லாம் கலந்து, மோரில் புளி கரைத்து, மூங்கிலரிசிச் சோறு. சாரலெல்லாம் மணக்கத் துழாவி ஆக்குகிறவள் குறவீட்டுப் பெண். போகாதே இருந்து சாப்பிட்டுப் போ என்று பிள்ளைகளை விட்டு மறிப்பார்களாம், வீட்டுக்கு வீடு. கீழே இறங்கினால் ஆயர் குடியில் பால். அப்புறம் அவரையும் புளியும் போட்ட கூழ். இன்னும் கீழே வயல்வெளி வந்தால் விரால் மீன். வெட்டிய துண்டு துடியின் கண் மாதிரி இருக்குமாம். கள் விற்கிற பழையர் வீட்டுப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். காலை வெயிலில் களத்துக்குக் களம் நெல்முளையில் ஆக்கிய தேறலைப் பானையிலிருந்து வார்த்துக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் கொடுத்தது யார்? எங்கள் ஆசிரியர் நன்னனின் கொடை என்றார். நன்னன் பாட்டின் கடைசியில்தான் வருகிறான். அதுவரைக்கும் வழியெல்லாம் சோறு போட்டுக் கள் ஊற்றுகிறவர்கள் குறவர்கள், ஆடுமாடு மேய்க்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள், கள் இறக்குகிறவர்கள், களத்தில் போரடிக்கிற உழைப்பாளிகள். உழைக்கிறவன் ஆடுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் கொடுத்திருக்கிறான். ராஜா மார்பைத் தட்டிக்கொண்டது மட்டும்தான் நம் பாடப்புத்தகத்தில் மிச்சம். நாம் குடித்தவர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். வருகிறவனை உட்காரவைத்து ஊற்றிக்கொடுத்த கையும் நம் கைதான் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இதற்கு நடுவில் ஒருமுறை மராட்டியம் போயிருந்தேன். 1935 அக்டோபர் 13-ல் அண்ணல் அம்பேத்கர் நான் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்த இயோலாவைப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அது நாசிக் ஜில்லாவில் இருக்கிறது. நாசிக்கில் காளாராம் கோயில். 1930 மார்ச் 2-ல் அந்தக் கோயிலுக்குள் நுழைய நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட இடம். கோயில் வாசலில் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வைனரி பார்க்கணுமா?" என்று கேட்டார். நாசிக் இப்போது ஒயினுக்குப் பேர்போன ஊர். சூலா கம்பெனி 1999-ல் ஆரம்பித்தது, அதன் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரற்கடை ஊற்றுகிறார்கள், சுழற்றி முகர்ந்து நாக்கில் உருட்டி என்ன வாசனை என்று சொல்லச் சொல்கிறார்கள். நான் போகவில்லை. போனவர்கள் சொன்னது. அதில் எனக்கு எந்த வயிற்றெரிச்சலும் கிடையாது. ஆனால் கால் நூற்றாண்டு வயசுள்ள ஒரு மதுவுக்குப் பாரம்பரியம் என்று பேர். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்குக் குறையாத பாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க் கள்ளுக்குக் குற்றம் என்று பேர். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் கள் இறக்குவது சட்டவிரோதம். பக்கத்தில் புதுச்சேரியில் குற்றமில்லை, கேரளாவில் குற்றமில்லை.

அங்கிருந்து வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். மலைபடுகடாம் போன வழியில் நாமும் ஒருமுறை போய்ப் பார்ப்பது. துணைக்கு யாரைக் கூப்பிடுவது? புலவரையா கூப்பிட முடியும்? எங்கள் பெரியப்பா மகன் இன்றைக்கும் மோளம் அடிக்கிறார். பறை, சட்டி இரண்டும் கைவந்தவர். அவரைத்தான் கூப்பிட்டேன். "இன்னாத்துக்குடா?" என்றார். சொன்னேன். "கள்ளு கெடைக்குமா?" என்றார். கிடைக்காது என்றேன். "அப்பறம் இன்னாத்துக்குடா" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

செங்கம் பஸ்ஸில் அவருக்குப் பாட்டின் முதல் அடிகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். எடுத்ததுமே வாத்தியங்களின் பட்டியல். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு இரண்டு வகை, குழல், தட்டை, எல்லரி, பதலை. இதையெல்லாம் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவது பலாமரத்தில் காய் தொங்குகிற மாதிரி இருக்கிறதாம். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். சாவுக்குப் போகும்போது டிவிஎஸ் வண்டியில் மூன்று மோளத்தைக் கட்டிக்கொண்டு போனால் அப்படித்தான் இருக்குமாம். அப்புறம் கேட்டார்.

"பறை எங்கடா அதுல?"

அந்தப் பெயரில் இல்லை, ஆனால் ஆகுளி என்றால் சிறுபறை என்றுதான் உரையில் போட்டிருக்கிறது என்றேன். "பேர மாத்திட்டா மட்டும் உட்டுடுவானா" என்றார். அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

செங்கம் பக்கம் நடுகல்லுக்குப் பேர்போன இடம். 1972-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு புத்தகமே போட்டது. மலைபடுகடாத்திலும் வழியில் நடுகல் வருகிறது. கண்டால் வாசித்துவிட்டுப் போ என்று கூத்தனுக்குச் சொல்லியிருக்கிறது. எடுத்தனூரில் கிடைத்த கல் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டு. மாடுபிடி சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்கு எடுத்த கல். பக்கத்திலேயே அவனுடைய நாயும் இருக்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற நாய். அதன் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறது.

"நாய்க்குப் பேர் போட்டுக்கிறான் பாரு" என்றார் அண்ணன். "அந்தச் சாவுக்கு மோளம் அடிச்சவன் பேரு?"

எங்கள் அப்பாவும் சாவு மோளம் அடித்தவர். அதை இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் விடியறதுக்குள் சேதி வந்துவிடும். அப்பா எழுந்து போய் வைக்கோலைக் கொளுத்தி மோளத்தைக் காய்ச்சுவார். முதல் அடி விழுகிறதுக்கு முந்தியே சாராயம் வரும். கூலி சாயந்திரம்தான், சில வீட்டில் காரியம் முடிந்துதான், சில வீட்டில் அதுவும் இல்லை. சாராயம் மட்டும் தவறாது. குடித்தால்தான் அடிப்பான், குடித்தால்தான் ஆடுவான், குடித்தால்தான் பிணவாடை தெரியாமல் கடைசிவரை கிடப்பான். பெரிய வீட்டு ஆள் ஒருத்தன் சொம்பிலோ கேனிலோ கொண்டுவந்து தூக்கி ஊற்றுவான். கீழே இவர்கள் கொட்டாங்குச்சியை ஏந்துவார்கள், இல்லாவிட்டால் கையை ஏந்துவார்கள். அவன் சொம்பு இவர்கள் கொட்டாங்குச்சியில் பட்டுவிடக்கூடாது. அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினால் பாதி கையிலும் பாதி மண்ணிலும் போகும். அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நோட்டைத் தரையில் போட்டு வாயால் எடுக்கச் சொல்வார்கள். பின்னால் வளைந்து, கை ஊன்றாமல், அடியை நிறுத்தாமல் எடுக்கவேண்டும். எடுத்துவிடுவார். கூட்டம் விசில் அடிக்கும். நான் சின்னப் பையனாக ஓரத்தில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா பேசமாட்டாள். துண்டில் முடிந்து வந்த சோற்றை வாங்கி எங்களுக்குப் போடுவாள், அவள் சாப்பிடமாட்டாள். ஒருநாள் மட்டும் கேட்டாள்: "காச குடுக்க ஒம்பது நாளு ஆவுது, சாராயம் மட்டும் எப்படி ஒடனே வருது? யோசிச்சியா நீ?" அப்பா மற்ற நாளில் குடிக்கிறவர் இல்லை என்பதையும் எழுதவேண்டும். இதை யாரும் நம்பமாட்டார்கள்.

1981-லிருந்து 86 வரைக்கும் கடைச் சாராயம். கடை மூடிய பிறகு மலையடிவாரத்தில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைத்துக் காய்ச்சியது, லாரி டியூபில் வரும். 2003 நவம்பரிலிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடையில் விற்கிறது. இப்போது சாவு வீட்டில் குவார்ட்டர் பாட்டில். மூடி திறக்காத பாட்டில் என்பதால் தூக்கி ஊற்றவேண்டிய வேலை இல்லை. தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிடித்துக்கொள்ளவேண்டும்.

நம் தலைவர்கள் குடிக்கு எதிராகத்தான் பேசியிருக்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை எழுதும்போதெல்லாம் கள்ளுண்ணாமையை வற்புறுத்தினார். 1956-ல் நாகபுரியில் அம்பேத்கர் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் மது குடிக்கமாட்டேன் என்பதும் ஒன்று. அவர்கள் சொன்னது சரி. எங்கள் தெருவில் நாற்பதைத் தாண்டாமல் போனவர்களை விரல் விட்டு எண்ண முடியாது. 2024 ஜூனில் பக்கத்து ஜில்லா கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலிவேலை செய்கிற நம் ஜனங்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் முதலில் கண்ணைக் கெடுக்கும், அப்புறம் உயிரை. அதைப் பற்றி எழுதியவர்களில் சிலர் குடிகாரனுக்கு எதற்கு அரசாங்கப் பணம் என்று கேட்டார்கள். நாசிக்கில் கோப்பையைச் சுழற்றுகிறவன் குடிகாரன் இல்லை. அவன் ரசிகன். இந்த ஒரு இடத்தில்தான் எனக்கு நம் ஆட்களோடேயே ஒரு வழக்கு. குடியை எதிர்ப்பது வேறு, குடித்தவனைக் கேவலப்படுத்துவது வேறு. இரண்டாவதை ஊர்க்காரன் நன்றாகவே செய்கிறான், நாமும் செய்யத் தேவையில்லை.

மறுநாள் போளூர் போய் ஜமுனாமரத்தூர் பஸ் பிடித்தோம். ஜவ்வாதுமலை. செய்யாறு உற்பத்தியாகிற மலை இது. வழியில் பர்வதமலை தனியாக நிற்கிறது, செங்குத்தாக. கடப்பாறை நெட்டு என்று ஒரு இடம் உண்டு, பாறையில் அடித்த இரும்பைப் பிடித்து ஏறவேண்டும். கோயிலுக்கு ஏறுகிறவர்கள் கூட்டம் இப்போது அதிகம். நாங்கள் ஏறவில்லை. அண்ணனுக்கு முட்டிவலி.

மேலே போகப்போகக் காற்று மாறுகிறது. பலாமரம், புளியமரம், சரிவில் சாமைக்கொல்லை. அருவி ஓசை தூரத்தில் கேட்டது. மலையில் எழுகிற பலவகை ஓசையைத்தான் மலைபடுகடாம் என்று பேர் வைத்திருக்கிறார்கள், யானையின் மதத்துக்கு ஒப்பிட்டு. எந்தெந்த ஓசை என்று பாட்டிலேயே நீளமாகக் கணக்குச் சொல்லியிருக்கிறது. அண்ணன் நின்று கேட்டார். "இது ரெண்டு தாளத்துல கொட்டுது பாரு" என்றார், அருவியைப் பார்த்து. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டை மனப்பாடம் பண்ணினவனுக்குக் கேட்காதது, படிக்கத் தெரியாதவருக்குக் கேட்கிறது.

இந்த மலையை அழகு என்று மட்டும் எழுதிவிட்டு வர முடியாது. 2015 ஏப்ரல் 7-ல் திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று ஆந்திரப் போலீசு 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் பலர் இந்த ஜில்லாக்காரர்கள். கூலி இல்லாமல் போனவர்கள்.

மத்தியானம் ஒரு சின்ன ஊரில் தண்ணீர் கேட்டோம். மலையாளி என்று சொல்லப்படுகிற மலைக்குடி வீடு, சாணி மெழுகின திண்ணை. ஒரு வயசான அம்மா சொம்போடு வந்தார். அண்ணன் திண்ணைக்குக் கீழே, முற்றத்து ஓரத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே ஏந்தினார். அந்த அம்மா சொம்பை நீட்டினார். அண்ணன் கையை எடுக்கவில்லை.

"ஊத்தும்மா" என்றார்.

"கையி எதுக்குப்பா? சொம்பப் புடிச்சிக் குடி" என்றார் அந்த அம்மா.

அண்ணன் என்னைப் பார்த்தார். அறுபது வயசு அவருக்கு. அப்புறம் சொம்பை வாங்கினார், ஆனால் அண்ணாந்துதான் குடித்தார், உதட்டில் படாமல். பாதி சட்டையில் போயிற்று. "மேல குந்துங்க, சோறு இருக்குது" என்றார் அந்த அம்மா. சாமைச்சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். திண்ணையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பேரப்பிள்ளை ஒருத்தன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் தட்டைக் கவிழ்த்து இரண்டு விரலால் அவனுக்கு ஒரு அடி அடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவன் விடவில்லை, இன்னொருவாட்டி இன்னொருவாட்டி என்று மறித்துக்கொண்டு நின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மலையில் சாதி இல்லை என்று எழுதிவிட எனக்கு ஆசைதான். எழுதமாட்டேன். நான் பார்த்தது ஒரு வீடு, ஒரு மத்தியானம். கீழே இறங்கினால் என்ன இருக்கிறது என்று தெரியும். இதே ஜில்லாவில் தண்டராம்பட்டு தாலுகா தென்முடியனூரில் நம் ஜனங்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30-ல். எண்பது வருஷமாக உள்ளே விடவில்லை என்று சொன்னார்கள். கலெக்டர் வந்து, நூற்றுக்கணக்கில் போலீசு வந்து நிற்க, பெண்கள் பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி போ என்று பாடின சீமை இதுதான்.

பஸ்ஸில் கீழே வரும்போது அண்ணனிடம் அந்த நுழைகிற பகுதியைச் சொன்னேன். வாசலில் நிற்காதே, கேட்காதே, உறவுக்காரன் மாதிரி போய்க் கலந்துகொள். ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். "அப்பிடி ஒரு காலம் இருந்திச்சின்றியா, இல்ல அப்பிடி இருக்கணும்னு ஆசப்பட்டுப் பாடிக்கிறானா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை எந்த உரையிலும் நான் பார்த்ததில்லை. பாடினவன் பொய் சொன்னானோ நிஜம் சொன்னானோ, கூத்தனுக்கு அப்படித்தான் மரியாதை நடக்கவேண்டும் என்று ஒருத்தனுக்குத் தோன்றியிருக்கிறதே என்றேன். "தோணிச்சி, சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி நாள் சாத்தனூர் அணை. தென்பெண்ணையில் 1958-ல் கட்டி முடித்தது. அங்கே வறுத்த மீனுக்குத்தான் பாதிக் கூட்டம் வருகிறது. கல்லில் மிளகாய் தடவின மீன் சிவந்து கிடக்கும், எண்ணெய் வாடை அணைக்கட்டு வரைக்கும் வரும். விரால் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கடையில் இருந்தது. குறுக்கே வெட்டின துண்டு, வட்டமாக, நடுவில் முள், சுற்றிலும் வெள்ளைச் சதை. துடியின் கண் என்று பாடினவன் மீனையும் பார்த்திருக்கிறான், மோளத்தையும் கையில் தொட்டிருக்கிறான். அண்ணனிடம் காட்டினேன். விரலால் சுண்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் காய்ச்சணும்" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு போன் வந்தது. நாலைந்து ஊர் தள்ளி ஒரு பெரிய சாவு, மறுநாள் எடுப்பு, எட்டு ஆள் வேண்டும். அண்ணன் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். காற்றில் எனக்குக் கேட்டது.

"ஆளுக்கு ஆயிரத்தி ஐந்நூறு. இல்லீங்க, மொதல்லயே. சாய்ந்தரம்னா வர்ல. சோறு எல போட்டு, குந்த வெச்சி. கீழ இல்லீங்க, பெஞ்சி போடுங்க. பாட்டிலு வாணாம். பசங்க கேட்டா நான் பாத்துக்கறேன், நீங்க குடுக்காதீங்க. அது எங்க பழக்கம்ங்க. ஆமா, இப்பத்தான். நேத்துலேர்ந்து."

வந்து உட்கார்ந்து மிச்ச மீனை எடுத்தார். ஒத்துக்கொண்டார்களா என்று கேட்டேன்.

"யோசிச்சி சொல்றேன்னான்" என்றார், முள்ளை எடுத்துக்கொண்டே.